கச்சான் காலத்தில் தங்கமீன்

“தம்பி, இந்தக் கோல்ட் ஃபிஷ்ஷையும் இந்தக் கப்பியையும் ஒரே தொட்டியில ஒண்டா உடலாமா?”

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ அலங்கார மீன் விற்கும் கடையில் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். “ஓம், உடலாம், ஒண்டும் செய்யாது” என்று பதில் வரும். மீன் வளர்ப்பைப் பற்றி மேல்நாட்டார் எழுதிய புத்தகங்களைப் புரட்டினால் நேரெதிரான பதில் கிடைக்கும்: தங்கமீன் குளிர்நீர் மீன், கப்பி, மொலி, ஏஞ்சல் எல்லாம் வெப்பமண்டல மீன்கள், இரண்டையும் சேர்க்கக் கூடாது. புத்தகம் சொல்லும் முடிவு சரி. அதற்கு அது சொல்லும் காரணம் நம் கரையோரத்துக்குப் பொருந்தாது. காரணத்தைத் தவறாக விளங்கிக்கொண்டவர் தொட்டியில் கவனிக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ கவனிப்பார். அதனால்தான் முடிவை ஒருபக்கம் வைத்துவிட்டுக் காரணத்தை முதலில் ஆராய வேண்டியிருக்கிறது.

குளிர்நீர் மீன், வெப்பமண்டல மீன் என்ற பிரிவினை லண்டன், பெர்லின், நியூயோர்க் போன்ற நகரங்களின் வீடுகளில் உண்டானது. குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் வைத்த நீர்கூட 18 பாகை செல்சியஸுக்கு இறங்கிவிடும். தங்கமீன் அதில் சுகமாக நீந்தும். அமேசனிலிருந்தும் மலேயாவிலிருந்தும் போன மீன்கள் ஒடுங்கிப்போகும். அவற்றுக்காக மின்சூடாக்கி ஒன்றை நீரில் இறக்கி, 25 அல்லது 26 பாகையில் வைத்திருப்பார்கள். சூடாக்கி வேண்டாத மீன் ஓர் அலமாரியில், வேண்டிய மீன் மறு அலமாரியில் என்று கடைகள் பிரிந்தன. புத்தகங்களும் அப்படியே பிரிந்தன.

கல்முனை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏழரைப் பாகையளவில், இலங்கையின் கிழக்குக் கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர். வாடைக்காற்றோடு மாரி இறங்கும் கார்த்திகை, மார்கழியில் நம் தொட்டி நீர் 25 பாகையளவுக்குக் குளிரும். கச்சான் வீசும் மாதங்களில் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது உலர்ந்து சூடேறி நம்மிடம் வருகிறது. அந்நாட்களில் வெளியே 33, 34 பாகை. வீட்டுத் தொட்டியில் 30, 31. சூடாக்கிக்கு இங்கே வேலையே இல்லை. மேல்நாட்டார் மின்சாரம் செலவழித்து உண்டாக்கும் வெப்பத்தில் நாம் பிறந்து வளர்கிறோம். அவர்களுடைய தொட்டிகளில் நீந்தும் வெப்பமண்டல மீன்களில் சில நம் நாட்டுக்கே உரியவை. உலகெங்கும் விற்கப்படும் சிவந்த செரி பார்ப், இலங்கையின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளின் மீன், 1929இல் விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல அதை விவரித்துப் பெயரிட்டார். இந்தக் கரையில் விருந்தாளி தங்கமீன்தான்.

அந்த விருந்தாளி எங்கிருந்து வந்தது? சீனாவின் ஏரிகளிலும் வயல் நீர்களிலும் வாழ்ந்த, சாம்பலும் பச்சையும் கலந்த கெண்டையினம் ஒன்றுதான் தங்கமீனின் முன்னோர். எப்போதாவது அவற்றில் ஒன்று செம்மஞ்சளாகப் பிறக்கும். அப்படிப் பிறந்தவற்றைக் கொல்லாமல் குளங்களில் விட்டு வளர்த்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் தென் சொங் அரசர்கள் ஹாங்சோவைத் தலைநகராகக் கொண்டிருந்தபோது அரண்மனைக் குளங்களில் இவை வளர்க்கப்பட்டன. மிங் காலத்தில் பீங்கான் பாண்டங்களில் வீட்டுக்குள் வந்தன. குண்டு உடலும் இரட்டை வாலும் அதன்பின் தெரிந்தெடுத்துப் பெருக்கப்பட்டவை. யப்பானுக்கும், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தன.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஹாங்சோவின் காலநிலையை. அந்நகரில் யூலை மாதப் பகல் 33 பாகையைத் தாண்டும். சனவரி இரவில் நீர் உறையும் நிலைக்குப் போகும். தங்கமீன் வெறும் குளிர்நாட்டு மீனாக இருந்திருந்தால் அந்தக் கோடையைத் தாண்டியிருக்க முடியாது. அது பருவங்களின் மீன். குளிரில் அடங்கி, இளவேனிலில் நீர் சூடேறும்போது முட்டையிட்டு, கோடையில் வளர்வது அதன் ஆண்டுச் சுழற்சி.

ஆய்வுகூடமும் இதையே சொன்னது. கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் எஃப். இ. ஜே. ஃப்ரை என்ற உயிரியலாளர் தம் சகாக்களோடு சேர்ந்து தங்கமீன் குஞ்சுகள் எவ்வளவு சூட்டையும் குளிரையும் தாங்கும் என்று அளந்து 1942இல் வெளியிட்டார். மீன் எந்த வெப்பநிலைக்குப் பழகியிருக்கிறதோ, அதைப் பொறுத்து அதன் தாங்கும் எல்லையும் நகர்கிறது. பழகிய நீர் மூன்று பாகை சூடானால் சாகும் எல்லை ஏறத்தாழ ஒரு பாகை உயரும். உயர்ந்து உயர்ந்து 41 பாகையளவில் நின்றுவிடும். கீழ்ப்பக்கம் பூச்சியத்தை நெருங்கினாலும் உயிர் தங்கும். மீன்களில் இவ்வளவு அகன்ற எல்லை கொண்டவை சிலவே. 1948இல் ஃப்ரையும் அவருடைய சகா ஹார்ட்டும் இன்னொன்றைக் காட்டினார்கள்: தங்கமீன் விடாமல் நீந்தும் வேகம் 28 பாகையளவில்தான் உச்சத்தை அடைகிறது. நம் வீட்டு நீரின் வெப்பநிலை அது!

அப்படியானால் சூட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் வாங்கிய தங்கமீன் ஏன் சில மாதங்களில் செத்து மிதக்கிறது? இங்கிலாந்தின் யோர்க்ஷயரில், 1956இல் ஒரு சந்தை விளையாட்டில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது. பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்வது இந்த இனத்துக்குப் புதுமையல்ல. “கோல்ட் ஃபிஷ் எண்டா அப்பிடித்தான், கெதியா மௌத்தாயிரும்” என்று நாம் பழகிப்போனது பெரிய தவறு.

ஃப்ரையின் மீன்களுக்கும் நம் மீன்களுக்கும் உள்ள வேறுபாடு சுற்றியிருக்கும் நீரில்தான் இருக்கிறது. அவருடைய தொட்டிகளில் ஒட்சிசன் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். நம் தொட்டியில் சூடு தனியாக வருவதில்லை. இரண்டு கேடுகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

முதலாவது மூச்சு. நீரில் கரையக்கூடிய ஒட்சிசனின் அளவு, நீர் சூடாகச் சூடாகக் குறையும். 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் காற்றிலிருந்து 9.1 மில்லிகிராம் ஒட்சிசனை ஏற்கும். 31 பாகையில் 7.4 மில்லிகிராம்தான். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதே நேரம் மீனின் தேவை மறுபக்கம் ஏறுகிறது. மீனுக்குத் தன் உடலைச் சூடாக்கவோ குளிராக்கவோ முடியாது. நீரின் சூடே உடலின் சூடு. பத்துப் பாகை ஏறினால் அதன் அனுசேபம் ஏறத்தாழ இரட்டிக்கும். வரவு குறைந்து செலவு இரட்டித்த நிலையில்தான் அது நம் தொட்டியில் வாழ்கிறது. சந்தையில் மீன் வாங்கும்போது செவிளைத் தூக்கி நாம் பார்க்கிற அந்தச் சிவந்த பூதான் மூச்சு உறுப்பு. நீண்ட ஒல்லி உடல் கொண்ட சாதாரணத் தங்கமீன் அதை வைத்து ஓரளவு சமாளிக்கும். முட்டை வடிவத்தில் குறுக்கப்பட்ட ஒரண்டா, தலை வீங்கிய லயன்ஹெட் போன்றவை அழகுக்காக உடல் குறுகிப்போன மீன்கள். முதலில் திணறுவது அவைதான். அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு பிள்ளைகள் “உம்மா, மீன் கதைக்குது” என்பார்கள். அது மூச்சு முட்டுவதன் அறிகுறி.

தங்கமீனுக்கு ஒட்சிசனே இல்லாத நீரிலும் சிலகாலம் உயிர்வாழும் ஒரு வியப்பான ஆற்றல் உண்டு. பனிக்கட்டி மூடிய குளத்தின் அடியில் அது தன் உடலில் சேரும் லற்றிக்கமிலத்தை எதனோலாக மாற்றிப் பூக்கள் வழியே வெளியேற்றிவிடும். முதுகெலும்பிகளில் இந்த வழி மிகச் சில இனங்களுக்கே தெரியும். ஆனால் உடல் அடங்கிக் கிடக்கும் குளிரில்தான் அந்த ஆற்றல் நெடுநேரம் காக்கும். சூடு ஏற ஏற அவகாசம் சுருங்கிவிடும். 2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. காற்று மோட்டர் நின்றுபோன தொட்டியில், சூடான இரவில், அந்தப் பழைய வித்தை கைகொடுக்காது.

இரண்டாவது கேடு கழிவு. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே நீண்ட குடலுக்குள் போய், வேகமாகக் கடந்து வெளியேறும். ஆகவே எப்போதும் தேடும், எப்போதும் தின்னும், எப்போதும் கழிக்கும். அதன் புரதக் கழிவு அமோனியாவாகப் பூக்கள் வழியே நீரில் கலக்கிறது. அமோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கும்: மின்னேற்றம் பெற்றது அவ்வளவு தீங்கில்லை, பெறாதது பூவை எரித்து இரத்தத்துக்குள் புகும் நஞ்சு. எந்த வடிவம் எவ்வளவு என்பதை நீரின் பி.எச். அளவும் சூடும் தீர்மானிக்கின்றன. பி.எச். 8 ஆக உள்ள நீரில், 20 பாகையில் மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றுக்கு 4 அளவு. 30 பாகையில் 7.5. அழுக்கு அதே அளவுதான்; சூடு ஏறியதாலேயே நஞ்சு ஏறத்தாழ இரட்டித்தது. கரையோர மணலில் தோண்டிய கிணற்று நீர் காரப்பக்கம் சாய்ந்திருந்தால் அந்த வீட்டுத் தொட்டிக்கு இந்தக் கணக்கு நேரே பொருந்தும்.

இந்த நஞ்சைத் தீர்ப்பவை கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக்கும். இன்னொரு கூட்டம் அதைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக்கும். அவை வாழும் வீடு ஃபில்டரின் பஞ்சும் அடியில் கிடக்கும் கல்லும். புதுத் தொட்டியில் இக்கூட்டங்கள் முழுதாகப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? விடுமுறை நாளில் மீனை வாளியில் பிடித்துப் போட்டு, தொட்டியை முழுக்கக் கவிழ்த்து, கல்லையும் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில், சில வீடுகளில் சவர்க்காரம் போட்டு, தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம். கண்ணாடி பளபளக்கிறது. பற்றீரியாக் கூட்டம் முழுவதும் செத்துவிட்டது. பிறகு குளோரின் கலந்த குழாய் நீரை நிரப்பி, மீனை விட்டு, பிள்ளைகள் பாண் துண்டு போடுகிறார்கள். மூன்றாம் நாள் நீர் வெண்மையாகக் கலங்கும். மீன் அடியில் ஒதுங்கும். சுத்தம் ஈமானின் பாதி என்று வளர்ந்த நமக்கு இதை ஏற்பது கடினம்தான். ஆனால் மீனுக்குச் சுத்தமான நீர் என்பது பற்றீரியா வாழும் நீர். வாரம் ஒருமுறை கால்வாசி நீரை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய நீரிலேயே பிழிந்து அலசுங்கள். குழாய் நீரை ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் சோடியம் தயோசல்பேற்றுத் துளிகள் போதும்.

கிணற்று நீர் பாவிக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது மருதமுனை முதல் நிந்தவூர் வரை கரையோரக் கிணறுகள் உப்பேறிக் கெட்டன. மணலுக்குள் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் இன்றும் உப்பு மேலே வரும். இலேசான உவர்ப்பை மொலியும் கப்பியும் பொருட்படுத்தாது, தங்கமீனும் ஓரளவு தாங்கும். அமேசனின் மென்மையான நீரிலிருந்து வந்த நியோன் டெட்ரா தாங்காது. வீடுகள் நெருங்கி, மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் கிணறு இருந்தால் நீரில் ஏற்கெனவே நைத்திரேற்று இருக்கக்கூடும். மீனுக்கு முன்பாக, குடிக்கிற நமக்கு அது முக்கியம்.

இனி அந்தக் கடைக் கேள்விக்கு வருவோம். கப்பிக்கும் தங்கமீனுக்கும் இங்கே வெப்பநிலையில் சண்டை இல்லை. சண்டை வாயிலும் வயிற்றிலும்தான். தங்கமீன் ஒரு சாணுக்கும் மேலாக வளரக்கூடிய மீன். வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கும். கப்பிக் குஞ்சும் நியோனும் அதற்கு இரை. டைகர் பார்ப் எதிர்ப்பக்கத்துக் குற்றவாளி: துருதுருவென்று சுற்றி, தங்கமீனின் நீண்ட வாலைக் கடித்துக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் சூடான நீரில் பூஞ்சணமும் பற்றீரியாவும் விரைவாகப் பற்றும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் ‘டேங்க் கிளீனர்’ இரவில் தங்கமீனின் பக்கத்தில் ஒட்டி அதன் உடல் வழுவழுப்பை உறிஞ்சுவதுண்டு. இதைப் பலர் காண்பதில்லை. காலையில் தோல் சிவந்த மீனைப் பார்த்து நோய் என்று நினைக்கிறார்கள். ஏஞ்சல் மெதுவாகத் தின்னும் மீன், தங்கமீன் அதன் பங்கையும் முடித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தங்கமீன் உண்டாக்கும் கழிவை, அதைச் சகிக்கப் பிறக்காத சின்ன மீன்களும் சேர்ந்து சுவாசிக்க வேண்டியிருக்கிறது.

கௌராமி, ஃபைட்டர் இரண்டும் கச்சான் காலத்துக்கு ஏற்ற மீன்கள். தலைக்குள் இருக்கும் மடிப்புறுப்பால் மேற்பரப்புக் காற்றையே அவை சுவாசிக்கும். நம் வயல் வாய்க்கால்களில் சேற்றிலும் பிழைத்துக் கிடக்கும் பனையேறிக்கு இருக்கும் அதே வகை உறுப்பு. கரண்டு போன இரவிலும் அவை திணறுவதில்லை. சின்னத் தொட்டிதான் முடியும் என்பவர் தங்கமீனை விட்டுவிட்டு இவற்றில் ஒன்றையோ கப்பியையோ மொலியையோ எடுப்பதே நல்லது. ஒரே தொட்டிக்குள் இரண்டு ஆண் ஃபைட்டர் மட்டும் கூடாது.

தங்கமீனேதான் வேண்டும் என்றால் அதற்கென்று தனித் தொட்டி வையுங்கள். கடைகளில் வழக்கமான இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 56 லீற்றர்தான் கொள்ளும். நம் சூட்டில் அது ஒரு தங்கமீனுக்கே போதாது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 190 லீற்றர். இரண்டு, மூன்று மீன் நிம்மதியாக வாழலாம். உயரத்தைவிட அகலம் முக்கியம், ஏனென்றால் ஒட்சிசன் மேற்பரப்பின் வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறது. காற்று மோட்டரின் குமிழிகள் செய்யும் பெரிய வேலை நீரைக் கிளறி மேற்பரப்பைப் புதுப்பிப்பதுதான். வாய் குறுகிய கண்ணாடிக் குடுவை எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே தங்கமீனுக்கு அது கொலைக்களம். பழைய பள்ளிவாசல்களின் அகன்ற ஆழமற்ற நீர்த்தொட்டியான ஹவுழில் விட்ட மீன்கள் மோட்டர் இல்லாமலே நெடுநாள் வாழ்வதற்கு அந்தப் பரப்பும் நீரின் கொள்ளளவுமே காரணம். முற்றத்தில் இடமுள்ளவர்கள் மரநிழலில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டினால் அதற்கு ஈடில்லை.

சூட்டைக் குறைக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. மூடியை எடுத்துவிட்டு, வலை போட்டு, சின்ன மின்விசிறி ஒன்றை நீர்மட்டத்தைத் தொட்டு வீசும்படி வையுங்கள். மண்குடத்துத் தண்ணீர் குளிரும் அதே வழி. ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் போகும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 100 லீற்றர் தொட்டியை ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவாகக் குளிர்விக்க அது போதும். அறையின் சூடு திரும்பத் திரும்ப நீருக்குள் நுழைவதால் கையில் கிடைப்பது இரண்டு, மூன்று பாகைதான். அந்த இரண்டு, மூன்று பாகையே சூடான பிற்பகலில் மூச்சுக்கும் திணறலுக்கும் இடையில் நிற்கிறது. காற்று உலர்ந்திருந்தால்தான் ஆவியாதல் வேகமாக நடக்கும். நம்மைச் சுட்டெரிக்கும் கச்சானே இங்கே உதவிக்கு வருகிறது. குறைந்த நீரை நாளாந்தம் குளோரின் இல்லாத நீரால் நிரப்ப மறக்காதீர்கள். ஐஸ் கட்டி போடுவது வேண்டாம். திடீரென்று நான்கைந்து பாகை விழுந்தால் மீனின் எதிர்ப்பாற்றல் தளரும். மாரி தொடங்கும்போது நம் தொட்டிகளில் வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டுவதும் இதேபோன்ற வீழ்ச்சிக்குப் பிறகுதான்.

உணவை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். கச்சான் நாட்களில் அதையும் குறையுங்கள். செரிப்பதற்கும் ஒட்சிசன் வேண்டும்.

பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு கொடுக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நம் மத்ரஸாப் பிள்ளைகள் அறிவார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் மீனும் கட்டிப்போட்ட உயிர்தான். நீர் கெட்டால் வேறு நீருக்குப் போக அதற்கு வழியில்லை. உயிரியலில் நாம் கற்கும் ஒட்சிசன் கணக்கும் அமோனியாக் கணக்கும் அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் கருவிகள் என்றே நான் கருதுகிறேன்.

கடைசியாக, வளர்க்க முடியாமல் போனவர்களுக்கு. மீன் பெரிதாகிவிட்டது, தொட்டி போதவில்லை, பிள்ளைகளுக்கு ஆசை தீர்ந்துவிட்டது என்று சாய்ந்தமருதுத் தோணாவிலோ களியோடையிலோ வயல் வாய்க்காலிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். இரக்கத்தால் செய்வது அந்த நீரின் மற்ற உயிர்களுக்குக் கேடாக முடியும். மேற்கு அவுஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் இப்படி விடப்பட்ட தங்கமீன்கள் பெருகி, இரண்டு கிலோவை நெருங்கும் அளவுக்கு வளர்ந்து, அடிச்சேற்றைக் கிளறி ஆற்றைக் கலக்குகின்றன. நம் நாட்டில் அலங்கார மீனாக வந்து தப்பிய கத்திமீன் மேல் மாகாண ஈரநிலங்களில் உள்ளூர் மீன்களைத் தின்று பரவியிருக்கிறது. டேங்க் கிளீனரும் நம் நன்னீர்களில் குடியேறிவிட்டது. வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டியுள்ள பாடசாலைக்கோ அயலவருக்கோ கொடுங்கள்.